பிடிஎஃப் கெடைக்குங்களா? – கோவையிலிருந்து ஈரோட்டுக்கு ஒரு புத்தக மூட்டைப் பயணம்

ஞாயிறு, கோவை

கொடிசியாவில் புத்தகத் திருவிழாவுக்கு இன்று கடைசி நாள். கடைசி நாள் கூட்டம் வரும், ஆனால் விற்காது என்பது எங்கள் பதிப்பக அண்ணனின் தீர்ப்பு. "வாங்கறவங்க மொத ஞாயித்துக்கெழமையே வந்துட்டுப் போயிருவாங்க அம்மிணி. இன்னிக்கு வர்றது டெல்லி அப்பளம் திங்க" என்றார். அவர் சொன்னபடியேதான் நடந்தது.

நாளையிலிருந்து ஒரு வாரம் என் முதல் நாவலை ஊர் ஊராகக் கொண்டுபோகிறோம். விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்யும் பெண்களின் கதை. 200 பக்கம், 220 ரூபாய். பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், கரூர், கொடுமுடி வழியாக ஈரோடு. வெள்ளிக்கிழமை அங்கே திருவிழா ஆரம்பிக்கிறது. வண்டி, அண்ணனுடைய பழைய ஆம்னி. பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்.

பெட்டி தூக்கிய கையோடு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டெம்மி அளவில் நூறு தாள், 70 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 70 கிராம். அட்டையையும் சேர்த்தால் ஒரு பிரதி ஏறக்குறைய 230 கிராம் வரும். நூறு பிரதி 23 கிலோ. என் கைப்பையில் இருக்கும் கிண்டில், அமேசானின் மின்வாசிப்பான், 158 கிராம். அதற்குள் ஒரு அலமாரி நூலகமே கிடக்கிறது. விற்பது காகிதம், வழியில் படிப்பது கிண்டில். இதை அண்ணன் கேலி செய்வார் என்று நினைத்தேன். அவரோ, "அதுக்குக் குடோன் வாடகை இல்ல பாருங்க" என்று பெருமூச்சு விட்டார்.

இதே கொடிசியா வளாகத்தில்தான் 2010 ஜூனில் செம்மொழி மாநாடு நடந்தது. கணினியில் தமிழ் எழுத்துகளைக் குறிக்கும் முறையாகத் தமிழ் யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தமிழக அரசு தன் நியமமாக அறிவித்தது அப்போதுதான். அதற்கு முன்னால் ஒவ்வொரு அச்சகமும் ஒவ்வொரு எழுத்துருவில் கோப்பு வைத்திருந்தது. அண்ணனின் பழைய வெளியீடுகள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் அப்படித்தான் உறங்குகின்றன. அவற்றை மின்னூலாக மாற்றப் போனால் துணைக்கால் எல்லாம் 'ர' ஆகிவிடுகிறது, கொம்பு ஒருபக்கம் எழுத்து ஒருபக்கம் நிற்கிறது. மறுபடி முழுசாகப் பிழைதிருத்த வேண்டும். அவருடைய பட்டியலில் பாதிக்கு மேல் கிண்டிலுக்கு வராததன் காரணம் காகிதப் பாசம் இல்லை, இந்தப் பிழைதிருத்தக் கூலிதான்.

கடையைக் கட்டும் நேரத்தில் ஓர் இளைஞர் என் நாவலை எடுத்தார். பின்னட்டையைப் படித்தார், விலையைப் பார்த்தார், முதல் இரண்டு பக்கத்தை நின்றபடியே முடித்தார். அப்புறம் மிக மரியாதையாகக் கேட்டார்.

"அக்கா, இது பிடிஎஃப் கெடைக்குங்களா?"

திங்கள், பொள்ளாச்சி – உடுமலை

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் மிகைப்படுத்துகிறோம் என்பார்கள். வண்டியின் பின்கதவைத் திறந்ததும் ரசீதுப் புத்தகம் பறந்து ஒரு தென்னந்தோப்பு வேலியில் போய்ச் சிக்கியது. மேலே சாரல் வேறு. கோவையில் தட்டையாகக் கிடந்த அட்டைகள் எல்லாம் இங்கே வந்ததும் வெளிப்பக்கம் சுருண்டுகொண்டன. அட்டைக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் லேமினேஷன். உள்பக்கம் ஈரத்தைக் குடித்து விரிகிறது, வெளிப்பக்கம் விரிய மாட்டேன் என்கிறது. செங்கல்லைத் தேடிப்பிடித்து மேலே வைத்துக்கொண்டு போனோம்.

காலையில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரி. கிண்டில் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். ஒரு கையும் எழவில்லை. தமிழில் கதை படிப்பவர்கள்? பாதி அரங்கம் தூக்கியது. எதில் என்றால், போனில், பிரதிலிபி என்ற கதைச் செயலியில். தொடர்கதையாக, அத்தியாயம் அத்தியாயமாக, பஸ்ஸில் வரும்போது. "ரவைக்கு லைட்ட அணைச்சதுக்கு அப்பறமும் படிக்கலாங்க்கா, அம்மாவுக்குத் தெரியாது" என்றாள் முதல் வரிசைப் பெண். காகிதமா மின்வாசிப்பானா என்று பத்திரிகைகளில் வருடக்கணக்காக நடக்கிற விவாதத்தில் இந்தப் பெண்களுக்கு இடமே இல்லை. அவர்கள் வாசிப்பது எங்கள் இரண்டு பேர் கணக்கிலும் வராத மூன்றாவது இடத்தில்.

இருந்தாலும் கூட்டம் முடிந்ததும் நான்கு பேர் சேர்ந்து வந்தார்கள். ஆளுக்கு 55 ரூபாய் போட்டு ஒரு பிரதி வாங்கினார்கள். முதலில் யார் படிப்பது என்று அங்கேயே சண்டை. கையெழுத்துப் போடும்போது நான்கு பெயரையும் எழுதச் சொன்னார்கள். விடுதியில் இருப்பவள் மூன்று நாளில் முடித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

மாலை உடுமலையில் வாசகர் வட்டம். நாற்காலிகள் நிறைய, ஆட்கள் கொஞ்சம். அவர்களில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் என் கிண்டிலைப் பார்த்துவிட்டுக் கூட்டம் முழுக்க அதையே கவனித்துக்கொண்டிருந்தார். கண்புரை அறுவை செய்தும் பொடி எழுத்து சிரமமாம். முடிந்ததும் அவர் கையில் கொடுத்து எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் மலர்ந்துகொண்டே போனது. "கண்ணாடி இல்லாமப் படிக்கறேன் பாரு கண்ணு!" என்று பக்கத்தில் இருந்தவருக்கும் காட்டினார்.

அந்த அளவில் தமிழ் கொஞ்சம் தடுமாறும் என்பதையும் சொல்ல வேண்டும். நம் சொற்கள் நீளம். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரு சொல் வந்தால் ஒரு வரியே போய்விடும், அதற்கு முந்திய வரியில் இரண்டு சொற்களுக்கு நடுவே வண்டி போகிற அளவுக்கு இடைவெளி விழும். வாத்தியாருக்கு அது உறுத்தவில்லை. அவர் கேட்டது வேறு.

"காசு குடுத்து வாங்குனா இது நம்மளுதுதானுங்களே?"

முழுசாக இல்லை என்றேன். நாம் வாங்குவது படிக்கிற உரிமம். 2009இல் அமெரிக்காவில் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கிண்டிலில் இருந்தே அமேசான் அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். 2025 பிப்ரவரியில் இன்னொன்று: வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றுகிற வசதியை எடுத்துவிட்டார்கள்.

வாத்தியார் பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தார். அவர் வீட்டுப் புத்தகங்களை யார் இரவல் வாங்கினார்கள், எப்போது, திருப்பித் தந்தார்களா என்பதெல்லாம் முத்து முத்தான எழுத்தில். சில வரிகளில் சிவப்பு மை. "இவன் எஞ்சினியராகி ஓசூர் போயிட்டான். இன்னும் புஸ்தகம் வரல." கோபமாகச் சொல்லவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான். கிண்டிலில் எழுத்து பெரிதாகும், ஆனால் அந்த நோட்டுக்கு வேலை இல்லை. அவர் காகிதப் பிரதி ஒன்று வாங்கினார். கிண்டில் என்ன விலை என்பதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டார். இரண்டையும் வாங்குகிற ஆள்.

செவ்வாய், தாராபுரம்

வழி நெடுகக் காற்றாலைகள். மழை இல்லை, புழுதிதான். ஒரு பள்ளியில் பேசினேன். விற்பனை மந்தம்.

லாட்ஜில் ராத்திரி கரண்ட் போய்விட்டது. கிண்டிலின் முன்விளக்கில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கொசுவை அடித்தபடி, "இது பேட்டரி எப்பிடி இத்தன நாள் நிக்குது?" என்றார். போன் திரை ஒவ்வொரு நொடியும் ஒளியை உமிழ்ந்தாக வேண்டும். இது அப்படி இல்லை. திரைக்குள் தலைமுடியின் தடிமனுக்கு எண்ணற்ற குமிழ்கள், ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துகளும் கருப்புத் துகளும். மின்சாரம் கொடுத்தால் ஏதோ ஒரு நிறம் மேலே வரும், வந்தது அங்கேயே நிற்கும். பக்கம் திருப்புகிற நேரத்துக்குத்தான் எழுத்துக்கு மின்சாரம். மற்ற நேரம் விளக்குக்கு மட்டும். வெளியே வெயிலில் விளக்கும் வேண்டாம். வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகும், தாளைப் போலவே. தாராபுரத்து வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

அண்ணன் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார்.

புதன், கரூர் – புகலூர்

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்த இடம் எந்த மேடையும் இல்லை, காகிதபுரம். கரூரை அடுத்த புகலூர்ப் பக்கம் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை. உள்ளே போகவில்லை, சாலையிலிருந்து பார்த்ததோடு சரி. 1979இல் அரசு தொடங்கிய நிறுவனம். கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துக் காகிதம் செய்ய ஆரம்பித்தது அதன் சிறப்பு. சர்க்கரை ஆலைகள் சக்கையைச் சும்மா கொடுத்துவிடாது. அவை தங்கள் கொதிகலனில் எரிப்பதே அதைத்தான். அதனால் அவர்களுக்கு வேறு எரிபொருளோ நீராவியோ கொடுத்துச் சக்கையை வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. சக்கையின் நார் குட்டை. தாள் கிழியாமல் இருக்க மரக்கூழும் சேரும்.

ஈரோட்டுக்கு அக்கட்ட, காவிரியைத் தாண்டினால் பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை, அது அறுபதுகளிலிருந்து ஓடுகிறது. ஆக, கொங்கு நாட்டுக்காரர்கள் காகிதத்தைப் பற்றி உருகுவதற்கு வேறு யாரையும் விட உரிமை உள்ளவர்கள். ஆனால் புத்தக வாசனை, புதுத்தாள் மணம் என்று மேடையில் உருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். வாசனைக்காகப் புத்தகம் வாங்கியவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

கரூர் பேக்கரி ஒன்றில் தேங்காய் பன்னும் டீயும் வைத்துக்கொண்டு அண்ணன் துண்டுத்தாளில் கணக்கு எழுதினார். 220 ரூபாய்ப் புத்தகம். கடைக்கு 35 சதவீதம் கழிவு, 77 போச்சு. எனக்கு 10 சதவீதம், 22. அச்சுக்கு 80. மிச்சம் 41. அதில் குடோன், திருவிழாக் கடை வாடகை, பெட்ரோல், இந்த பன். திருவிழாவில் நேராக விற்றால் 10 சதவீதம் தள்ளுபடி மட்டும்தான், அதனால்தான் ஊர் ஊராக அலைகிறார்.

"இப்ப கிண்டில்ல நூறு ரூவாய்க்குப் போட்டா?" என்றார். அச்சு இல்லை, கழிவு இல்லை. 70 சதவீத ராயல்டி கிடைத்தால் வரி போக அறுபத்துச் சொச்சம் கைக்கு வரும். அண்ணனின் கண் அந்த எண்ணிலேயே நின்றது. ஆனால் இந்திய விற்பனைக்கு அந்த 70 வேண்டும் என்றால் மின்னூலை அமேசானுக்கு மட்டுமே கொடுப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும், வேறு எங்கும் போடக் கூடாது. இல்லாவிட்டால் 35தான். மாதச் சந்தாவில் படிப்பவர்களிடமிருந்து வருவது தனி, அது படித்த பக்கங்களுக்கு ஏற்ப. பாதியில் மூடிவைத்தால் பாதிதான் காசு. இதைக் கேட்டதும் அண்ணன் சிரித்துவிட்டார். "காயிதப் புஸ்தகத்துல அந்த வெசனமே இல்ல. வாங்கி அட்டாலில போட்டாலும் காசு காசுதான்."

வரியிலும் ஒரு வேடிக்கை. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. மின்னூலுக்கு முதலில் 18 சதவீதம் போட்டார்கள். 2018 ஜூலையில் 5 ஆகக் குறைத்தார்கள், அதுவும் அச்சிலும் வந்த நூலாக இருந்தால் மட்டும். மின்னூலாக மட்டுமே பிறந்த நூல் 18இலேயே நின்றுவிட்டது. காகிதத்தில் ஒரு அண்ணன் இருந்தால்தான் தம்பிக்குச் சலுகை.

வியாழன், கொடுமுடி

கூட்டம் எதுவும் இல்லை. வழியில் போனில் வந்த ஆர்டர்களைத் தபாலில் சேர்த்தோம். சிறு பதிப்பகங்களுக்கு உயிராக இருந்த பதிவுப் புத்தகத் தபாலை 2024 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். அந்தச் சில மாதங்களில் அஞ்சல் செலவு எகிறி, வாசகர் தலையிலா நம் தலையிலா என்று எல்லாரும் திண்டாடினார்கள். 2025 மே முதல் புத்தகங்களுக்கான அஞ்சல் சேவையாக ஞான் போஸ்ட் வந்திருக்கிறது; 300 கிராம் வரை 20 ரூபாயில் ஆரம்பம். 230 கிராம் நாவல், அதன்மேல் ஒரு பழுப்பு உறை, சரியாக உள்ளே அடங்குகிறது. அடுத்த நாவலை 250 பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று அண்ணன் என்னிடம் சொன்னதற்கு இலக்கியக் காரணம் எதுவும் இல்லை.

வெள்ளி, சனி – ஈரோடு

மக்கள் சிந்தனைப் பேரவை 2005இல் தொடங்கிய திருவிழா. மாலையில் சொற்பொழிவு கேட்க குடும்பம் குடும்பமாக வருவார்கள். பொழுதோட வந்து, பேச்சைக் கேட்டு, திரும்பும்போது புத்தகம். கோவையில் தனி ஆட்களாக வந்து வாங்கினார்கள். இங்கே அப்பா, அம்மா, அமுச்சி, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு வண்டியே கடைக்குள் நுழைகிறது. ஆறாள் வந்தால் நாலு புத்தகம் போகும்.

உண்டியலில் சேர்த்த காசோடு பள்ளிப் பிள்ளைகள் வருவது இந்த ஊர் வழக்கம். பக்கத்துக் கடையில் ஒரு சிறுமி மஞ்சப்பையைக் கவிழ்த்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் நாணயங்கள். கடைக்காரர் பத்துப் பத்தாக அடுக்கி எண்ண, பின்னால் வரிசை நின்றது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பத்து ரூபாய் குறைந்தது. அதை வரிசையில் நின்ற ஒரு பெரியவர் வைத்தார். கிரெடிட் கார்டும் ஓடிபியும் இல்லாத ஒரு பத்து வயதுப் பிள்ளை யாரையும் கேட்காமல் தன் காசில் தனக்குப் பிடித்ததை வாங்குவது மின்னூலில் இன்னும் நடக்காத காரியம்.

ஈரோட்டில் இருந்துகொண்டு எழுத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பெரியார் இங்கிருந்துதான் 1925இல் 'குடிஅரசு' தொடங்கினார். ணா, லை போன்றவற்றின் பழைய வடிவங்களை விட்டுவிட்டுப் புது வடிவத்தில் அச்சிட ஆரம்பித்தது 1935இல். அரசு அதை ஏற்க 1978 ஆயிற்று. உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிய ஐம்பதுகளின் நூல் ஒன்று வண்டியில் இருந்தது, கொம்பு வளைந்த பழைய லை, னை எல்லாம் அப்படியே. அதே நூலின் மின்வடிவம் என் கிண்டிலிலும் இருக்கிறது, மதுரைத் திட்டத்தின் புண்ணியத்தில். 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்துவருகிற களஞ்சியம் அது. மின்வடிவத்தில் எழுத்தெல்லாம் புது வடிவம். தேட முடிகிறது, எழுத்தைப் பெரிதாக்க முடிகிறது. ஆனால் அந்த நூல் வந்த காலத்து அச்சுக்கோப்பவரின் கை தெரிவது பழைய தாளில்தான். ஆராய்ச்சிக்கு இரண்டும் வேண்டும். படிக்க மட்டும் என்றால் நான் கிண்டிலைத்தான் எடுப்பேன், அந்தத் தாள் திருப்பும்போதே உதிர்கிறது.

சனிக்கிழமை மட்டும் 'பிடிஎஃப் இருக்குங்களா' என்று கேட்டவர்கள் பலர். இவர்களை நான் திருடர்கள் என்று திட்டத் தயாராக இல்லை. டெலிகிராமில் புத்தகங்களைக் கொட்டுகிறவர்கள் மேல் கோபம் உண்டு, அது வேறு. கேட்டவர்களில் ஒருவர் ஷிப்டில் சாயப்பட்டறைக்குப் போகிறவர். கையில் இருப்பது போன் ஒன்றுதான், கிண்டில் வாங்கும் காசுக்கு வீட்டில் நாலு செலவு காத்திருக்கிறது. கிண்டில் நூலைப் போனிலேயே படிக்கலாம், அதற்கென்று கருவி வேண்டாம், செயலி இலவசம் என்பது அவருக்குத் தெரியவில்லை. எங்கள் கடையில் எங்கேயும் அதை எழுதி வைக்கவும் இல்லை. காகிதம் விற்கிற கடையில் மின்னூலுக்கு ஒரு கியூஆர் அட்டை வைத்தால் விற்பனை படுத்துவிடும் என்று பதிப்பாளர்கள் எல்லாருக்கும் ஒரு பயம். 220 கொடுக்க முடியாதவர் 100 கொடுப்பாரா என்று ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை. சாயங்காலம் அண்ணனிடம் ஓர் அட்டையை மடித்துக் கொடுத்து, 'மின்னூல் விரைவில், போனில் படிக்கலாம், 100 ரூபாய்' என்று எழுதச் சொன்னேன். முனகிக்கொண்டே எழுதினார். ராத்திரிக்குள் தன் போன் எண்ணை எழுதிவைத்துவிட்டுப் போனவர்களின் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டியது.

ஞாயிறு, பவானி

ஆடிப் பதினெட்டு. கூடுதுறையில் குளிக்கப் போகிற கூட்டம், முளைப்பாரி, புதுமணத் தம்பதிகள். இந்த நாளில் பவானி வழியாகப் போகலாம் என்று முடிவெடுத்தவர் அண்ணன். வண்டி அங்குலம் அங்குலமாக நகர, நான் கிண்டிலில் ஒரு நாவலின் கடைசி நாற்பது பக்கத்தை முடித்தேன்.

அண்ணன் இன்னும் அந்தப் பட்டியலிலேயே இருந்தார். மின்னூலைப் போட்டே ஆக வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. சண்டை சதவீதத்தில். அவருக்கு 70 வேண்டும். எனக்கு இரண்டு வருடம் கழித்து, யாரும் பகிரலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக விட ஆசை, பொள்ளாச்சிப் பெண்களின் போனுக்கும் போகட்டும் என்று.

"இலவசமா வுட்டா அப்பறம் எவன் காசு குடுத்து வாங்குவான் அம்மிணி?"

"ரெண்டு வருசத்துக்கு அப்பறம் நீங்க எத்தன பிரதிங்ணா வித்திருக்கீங்க, பழைய புஸ்தகத்துல?"

ஹாரனை ஒருமுறை அழுத்தினார். முன்னால் முளைப்பாரி தூக்கிய பாட்டி திரும்பி முறைத்ததும் கையை எடுத்துவிட்டார்.

"மொத ஒரு வருசம் எழுவதுல போடுவம். ஒப்பந்தம் தொண்ணூறு நாளைக்கு ஒருக்கா முடியும்ல, அப்ப பேசிக்கலாம்."

"எழுதிக் குடுங்க."

"ரசீது புஸ்தகந்தான் பொள்ளாச்சி வேலில கெடக்குதே," என்றார். "கோபி போய்ச் சேருவம் முதல்ல. அங்க எறக்கறதுக்கு இன்னும் மூணு பொட்டி இருக்குது."